மூளையில ஆரம்பிக்கிற உடல் பருமன்: நிறைய சாப்பிடுறது குளுக்கோஸை என்ன பண்ணுது?

2025-ல ரெண்டு செய்தி அடுத்தடுத்து வந்துச்சு. மார்ச் மாசம் ப்ராடர்-வில்லி சிண்ட்ரோம்ங்கற பிறவி மரபணுக் கோளாறுல வர்ற அடங்காத பசிக்குன்னே ஒரு மாத்திரைக்கு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு. ஏப்ரல்ல, மூளைக்கட்டி சிகிச்சைக்கு அப்புறம் வர்ற பருமனுக்கு செட்மெலனோடைட்ங்கற ஊசி நல்லா வேலை செய்யுதுன்னு ஒரு ட்ரையல் ரிசல்ட் வந்துச்சு. ரெண்டையும் படிச்சவங்களுக்கு வர்ற குழப்பம் ஒண்ணுதான்: குண்டாகுறது சாப்பாட்டால, சுகர் வர்றதும் சாப்பாட்டால, அப்ப இதுல மூளைக்கு என்ன வேலை, வாயைக் கட்டினா சரியாயிடாதா?

சரியாகாது, ஏன் சரியாகாதுன்னுதான் இந்தக் கட்டுரை. அதுக்காக சாப்பாட்டுக்கு இதுல பங்கே இல்லன்னும் அர்த்தம் இல்ல. பெரிய பங்கு இருக்கு, ஆனா அது வர்ற இடம் வேற. மூளை சார்ந்த பருமன்ல பல சமயம் இன்சுலின் முதல்ல ஏறிடுது, பசியும் சாப்பாடும் அது கூடவோ அதுக்குப் பின்னாலயோ வருது, அப்புறம் அந்த சாப்பாடு ஏற்கனவே கெட்டுப்போன குளுக்கோஸ் கணக்கை இன்னும் மோசமாக்குது. இந்த வரிசை புரியலன்னா நோயாளிக் குழந்தையைத் திட்டுறதுதான் மிஞ்சும்.

அடிப்படை: சாப்பிட்ட குளுக்கோஸ் எங்க போகுது

பெரியவங்க உடம்புல ஓடுற மொத்த ரத்தத்துல எந்த நேரத்துலயும் இருக்குற குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு தட்டு சோறு சாப்பிட்டா அதைவிட பத்து மடங்குக்கு மேல குளுக்கோஸ் குடல் வழியா உள்ள வருது, ஆனாலும் ரத்த அளவு அவ்வளவா ஏறாம ரெண்டு மூணு மணி நேரத்துல பழைய நிலைக்கு வந்துடுது. இதுக்குக் காரணம் கணையத்துல இருக்குற பீட்டா செல்கள் விடுற இன்சுலின்.

இன்சுலின் மூணு இடத்துல வேலை பாக்குது. கல்லீரல்கிட்ட "நீ குளுக்கோஸ் தயாரிச்சு வெளிய விடுறதை நிறுத்து, வர்றதை சேமிச்சு வை"ன்னு சொல்லுது. தசைகளோட கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ள இழுக்க வைக்குது, இன்சுலினால ரத்தத்துலேர்ந்து வெளியேறுற குளுக்கோஸ்ல பெரும்பங்கு போறது தசைக்குத்தான். கொழுப்புத் திசுகிட்ட சேமிப்பை உடைக்காதேன்னு சொல்லுது, அதனால இன்சுலின் ஒசந்து இருக்குற வரைக்கும் கொழுப்பு கரைஞ்சு வெளிய வர்றது ரொம்பக் கம்மி.

மூளை இந்தக் கதவு விஷயத்துல விதிவிலக்கு. எடையில உடம்போட 2 சதவீதம்தான், ஆனா சும்மா இருக்கும்போது செலவாகுற சக்தியில சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்குது, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 120 கிராம் குளுக்கோஸ், அதுவும் பெரும்பாலும் இன்சுலின் உதவி இல்லாமலே. அவ்வளவு செலவு பண்ற உறுப்பு குளுக்கோஸ் சப்ளையைக் கண்காணிக்காம விடுமா? விடாது. 19-ஆம் நூற்றாண்டு நடுவுலயே பிரான்ஸ்ல க்ளோட் பெர்னார்ட் மிருகங்களோட மூளையில நாலாவது அறையோட தரைப்பகுதியில ஊசியால குத்தினா சிறுநீர்ல சர்க்கரை வர்றதைக் காட்டிட்டார். சுகரை மூளையால மாத்த முடியும்ங்கறது அவ்வளவு பழைய செய்தி.

ஹைப்போதலாமஸ் என்ன செய்யுது

மூளையோட அடிப்பகுதியில, பிட்யூட்டரி சுரப்பிக்கு நேர் மேல, சுமார் 4 கிராம் எடையில இருக்குற சின்ன இடம்தான் ஹைப்போதலாமஸ். பசி, தாகம், தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் எல்லாத்துக்கும் அங்கதான் கணக்கு நடக்குது.

கொழுப்புத் திசு லெப்டின்னு ஒரு ஹார்மோனை விடுது, கொழுப்பு எவ்வளவு இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி. 1994-ல நியூயார்க்ல ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இந்த லெப்டினுக்கான ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. லெப்டினும் இன்சுலினும் ஹைப்போதலாமஸ்ல இருக்குற ரெண்டு வகை நரம்பு செல்லைத் தொடுது. ஒண்ணு பியோஎம்சி செல், இது "போதும்"னு சொல்ற வகை. இன்னொண்ணு ஏஜிஆர்பி செல், இது "இன்னும் வேணும்"னு சொல்ற வகை. ரெண்டும் போய் முடியுறது எம்சி4ஆர்ங்கற ரிசெப்டர்ல, அதாவது செல்லுல செய்தியை வாங்கிக்குற இடத்துல. இந்தப் பாதை முழுசா இருந்தா எடை ஏறும்போது பசி குறையும், உடம்பு செலவு பண்றதும் கொஞ்சம் கூடும்.

நிறைய பேர் கவனிக்காத பகுதி அடுத்தது. ஹைப்போதலாமஸ் பசியை மட்டும் பாத்துக்கல, ரெண்டு நரம்பு வழியா நேரடியாவே உறுப்புகளுக்கும் உத்தரவு போடுது. வேகஸ் நரம்பு கணையத்துக்குப் போய் இன்சுலினைக் கூட்டும். சிம்பதெடிக் நரம்பு அதே கணையத்துல இன்சுலினைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கவும் சொல்லும். சாதாரணமா ரெண்டும் சமமா இழுத்துப் புடிச்சு நிக்குது. ஹைப்போதலாமஸோட நடுப்பகுதி அடிபட்டா சிம்பதெடிக் பக்கம் தளர்ந்து வேகஸ் பக்கம் ஓங்கிடுது, அந்த ஆள் ஒரு வாய் கூட கூடுதலா சாப்பிடாதப்பவே பீட்டா செல் இன்சுலினைக் கொட்ட ஆரம்பிச்சுடுது.

மூளை சார்ந்த பருமன்னா யாருக்கு

பொதுவா நாம பாக்குற பருமன்லயும் மூளைக்குப் பங்கு இருக்கு, ஆனா "மூளை சார்ந்த பருமன்"னு டாக்டர்கள் தனியா சொல்றது கீழ இருக்குற மாதிரி ஆட்களை:

1. கட்டி, ஆபரேஷன், ரேடியேஷன், தலையில பலமா அடி இதுகளால ஹைப்போதலாமஸ் சேதமானவங்க. இதுல முக்கியமானது கிரானியோஃபாரிஞ்சியோமாங்கற கட்டி. இது புற்றுநோய் இல்ல, ஆனா வளர்ற இடம் பிட்யூட்டரிக்கும் ஹைப்போதலாமஸுக்கும் பக்கத்துல, அதனால கட்டியும் கெடுக்கும், அதை எடுக்கப்போற கத்தியும் கெடுக்கலாம். குழந்தைப் பருவத்துல இது வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பின்னால கடுமையான பருமன் வருது, எடை வேகமா ஏறுறது பெரும்பாலும் சிகிச்சைக்கு அப்புறம் முதல் வருஷத்துக்குள்ளயே.

2. லெப்டின், லெப்டின் ரிசெப்டர், பியோஎம்சி, எம்சி4ஆர் ஜீன்கள்ல பிறவிக் கோளாறு உள்ளவங்க.

3. ப்ராடர்-வில்லி மாதிரி சிண்ட்ரோம் உள்ளவங்க. 15-ஆவது குரோமோசோம்ல அப்பாகிட்டேர்ந்து வர வேண்டிய பகுதி வேலை செய்யாததால வர்றது இது.

1901-லயே வியன்னாவுல ஆல்ஃப்ரெட் ஃப்ரோலிச், பிட்யூட்டரி பக்கம் கட்டி இருந்த ஒரு பையன் குண்டானதைப் பதிவு பண்ணினார். அப்ப எல்லாரும் பழி போட்டது பிட்யூட்டரி மேல. அது ஹைப்போதலாமஸ்தான்னு உறுதியாக இன்னும் 40 வருஷம் ஆச்சு.

எலிகள் சொன்ன வரிசை

1940-ல ஹெதரிங்டனும் ரான்சனும் எலியோட பிட்யூட்டரியைத் தொடாம ஹைப்போதலாமஸ் நடுப்பகுதியில மட்டும் சின்ன சேதம் பண்ணினாங்க, எலி பயங்கரமா குண்டாச்சு. 1943-ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ப்ரோபெக்கும் கூட இருந்தவங்களும் அந்த எலிகள் வெறி புடிச்ச மாதிரி சாப்பிடுறதைக் காட்டினாங்க, மயக்கம் தெளியுற சமயத்துலயே தீனியைத் தேடி ஓடுது. 1951-ல அதே ப்ரோபெக் கூட வேலை பாத்த பால் கிருஷ்ண ஆனந்த் ஹைப்போதலாமஸோட பக்கவாட்டுப் பகுதியைக் கெடுத்தா எலி சாப்பிடுறதையே நிறுத்திடும்னு கண்டுபிடிச்சார், அவர்தான் பின்னால டெல்லி எய்ம்ஸ்ல உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பினவர். அதோட கதை முடிஞ்சதுன்னுதான் ரொம்ப வருஷம் எல்லாரும் நினைச்சாங்க: நடுவுல நிறைவு மையம், பக்கத்துல பசி மையம், நிறைவு மையம் போனா நிறைய சாப்பிடும், நிறைய சாப்பிட்டா குண்டாகும், குண்டானா சுகர் வரும்.

அதுல ஓட்டை இருக்குன்னு காட்டினது அடுத்து வந்த சோதனைகள். இதைக் கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு.

முதல்ல, சாப்பாட்டை அளந்து குடுக்குற சோதனை. ஹைப்போதலாமஸ் கெட்ட எலிக்கும் நல்ல எலிக்கும் ஒரே அளவு தீனி. கெட்ட எலி கூடுதலா சாப்பிட வழியே இல்ல. அப்பவும் அதோட உடம்புல கொழுப்பு விகிதம் நல்ல எலியைவிட அதிகமா இருந்துச்சு, அதாவது அதே தீனி தசைக்குப் போறதுக்குப் பதிலா கொழுப்புக்குப் போகுது. பால் மறந்த கையோட இருக்குற குட்டி எலிகள்ல 1960-கள்ல ஃப்ரோமனும் பெர்னார்டிஸும் செஞ்ச சோதனை இன்னும் தெளிவு: அந்த வயசுல இந்த சேதம் பண்ணினா குட்டிகள் அதிகமா சாப்பிடவே இல்ல, ஆனா கொழுப்பும் கூடுச்சு, இன்சுலினும் கூடுச்சு.

அடுத்தது நரம்பை வெட்டுற சோதனை. 1974-ல பவ்லியும் ஆப்சாலும் இப்படி குண்டான எலிகளுக்கு வயித்துக்குப் போற வேகஸ் நரம்பை வெட்டினாங்க, ஏறின எடை இறங்கிடுச்சு. ஹைப்போதலாமஸ்ல இருந்த சேதம் அப்படியேதான் இருக்கு, ஆனா உத்தரவு கீழ போற கம்பி இல்ல.

மூணாவது, என் பார்வையில ரொம்ப வலுவான சாட்சி, 1979-ல ஜெனீவாவுல பெர்டூவும் ஜான்ரெனோவும் செஞ்சது. எலி மயக்கத்துல மேஜை மேல கிடக்கு. வாயில தீனி இல்ல, பசி எடுக்கவோ சாப்பிடவோ வாய்ப்பே இல்ல. அந்த நிலையில ஹைப்போதலாமஸ்ல சேதம் பண்ணிட்டு ரத்தத்தை எடுத்து எடுத்துப் பாக்குறாங்க. சில நிமிஷத்துலயே இன்சுலின் ஏறுது. வேகஸை வெட்டினா அந்த ஏத்தம் போயிடுது. ஒரு கவளம்கூட உள்ள போகாதப்பவே இன்சுலின் ஏறினா அதுக்கு சாப்பாட்டைக் காரணம் சொல்ல முடியுமா?

அதே ஜெனீவா குழு 1980-கள்ல இன்னொரு வேலை பண்ணினாங்க, இதே சேதம் பண்ணின எலிகளை வாரக் கணக்குல பின்தொடர்ந்து குளுக்கோஸ் எந்தத் திசுவுக்கு எவ்வளவு போகுதுன்னு அளந்தாங்க. முதல் வாரத்துல கொழுப்புத் திசு இன்சுலினுக்கு அளவுக்கு மீறி வேலை செய்யுது, குளுக்கோஸை அள்ளி அள்ளி உள்ள போட்டுக்குது, தசை இன்னும் கெடல. ஆறாவது வாரம் பாத்தா தசை இன்சுலினுக்கு மசியல, கொழுப்புத் திசுவோட அந்த ஆரம்ப வேகமும் அடங்கிடுச்சு. ஆக நோய் ஒரே நாள்ல சுகரா வரல. முதல் கட்டம் குளுக்கோஸ் நல்லா எரியாம கொழுப்பா மாறுற கட்டம், அப்ப ரத்த சுகர் டெஸ்ட் பண்ணினா நார்மல்னுதான் வரும். ரெண்டாவது கட்டம்தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது இன்சுலின் இருந்தும் திசு அதுக்குக் கட்டுப்படாத நிலை.

அப்ப நிறைய சாப்பிடுறது எங்க வருது

முதல் கட்டத்துலேர்ந்து ரெண்டாவது கட்டத்துக்குத் தள்ளி விடுறதுல சாப்பாட்டோட கை ரொம்பப் பெருசு. எரியுற அடுப்புல எண்ணெய் ஊத்துற கதைதான். எப்படின்னு வரிசையா:

1. கொழுப்பு செல்கள் நிரம்பிட்டா கூடுதலா வர்ற சக்தி இடம் இல்லாத இடத்துக்குப் போகுது, கல்லீரலுக்குள்ள, தசைக்குள்ள. அங்க சேர்ற கொழுப்பு இன்சுலின் செய்தி செல்லுக்குள்ள போறதைத் தடுக்குது. கிரானியோஃபாரிஞ்சியோமா நோயாளிகள்ல கல்லீரல் கொழுப்பு அதிகமா காணப்படுறதுக்கு இது ஒரு காரணம், பிட்யூட்டரி கெட்டதால வளர்ச்சி ஹார்மோன் இல்லாம போறது இன்னொரு காரணம்.

2. கல்லீரல் தயாரிக்குற குளுக்கோஸை அடக்குறதுல மூளைக்கும் பங்கு இருக்கு. ஹைப்போதலாமஸ்ல இன்சுலின் பட்டா வேகஸ் வழியா "நிறுத்து"ன்னு கல்லீரலுக்கு செய்தி போகுதுன்னு எலிகள்ல காட்டியிருக்காங்க. எலிகளுக்கு வெறும் 3 நாள் அதிகத் தீனி குடுத்தாலே கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேக்குறது குறையுது, லெப்டின் வேலையும் மங்குது. ஹைப்போதலாமஸ் நல்லா இருக்குற எலிக்கே இப்படின்னா, அது பாதி கெட்டவங்களுக்கு ரெண்டு பக்கமும் அடி.

3. பீட்டா செல் களைச்சுப் போகுது. நரம்பு ஒரு பக்கம் "விடு விடு"ன்னு துரத்துது, சாப்பாட்டால வர்ற குளுக்கோஸ் இன்னொரு பக்கம் துரத்துது, திசுக்கள் வேற கேக்க மாட்டேங்குது. பீட்டா செல் எவ்வளவு நாள் தாங்கும்ங்கறது ஆளுக்கு ஆள், குடும்பத்துல சுகர் இருக்கா இல்லையாங்கறதைப் பொறுத்தது. தாங்க முடியாம போற அன்னைக்குத்தான் டைப் 2 சுகர்.

4. அதிகமான இன்சுலின் கொழுப்பைப் பூட்டி வைக்குது. சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு உடம்பு சேமிப்புலேர்ந்து எடுத்து எரிக்க வேண்டிய நேரத்துல கொழுப்பு வெளிய வரல, அதனால மூளைக்கு சக்தி பத்தலங்கற செய்தி போய் மறுபடி பசி எடுக்குதுன்னு ராபர்ட் லஸ்டிக் மாதிரி இந்த நோயாளிகளை நேரடியா பாத்த டாக்டர்கள் சொல்றாங்க. எலிகள்ல பாத்ததோட இது ஒத்துப் போகுது. இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா அதிகப் பசி இன்சுலினோட விளைவு, அதே பசி மறுபடி இன்சுலினைக் கூட்டுற காரணம்.

5. அசைவு குறையுது. ஹைப்போதலாமஸ் கெட்டவங்களுக்கு பகல்ல தூக்கம் தூக்கமா வரும், சிம்பதெடிக் நரம்பு தளர்ந்ததால சும்மா இருக்கும்போது எரியுற சக்தியும் கம்மி. தசை வேலை பாத்தாத்தான் இன்சுலின் இல்லாமலே கூட குளுக்கோஸை இழுக்கும், அந்த வழியும் அடைபடுது. அதனால மத்தவங்களுக்கு எடை ஏத்தாத சாதாரண சாப்பாடே இவங்களுக்கு "அதிக சாப்பாடு" ஆயிடுது. நம்ம கண்ணுக்கு அளவாத் தெரியுற தட்டு இவங்க உடம்புக்கு அளவு இல்ல.

இந்த அஞ்சாவது பாயிண்ட்டை வீட்ல இருக்குறவங்க புரிஞ்சுக்கிட்டா பாதி சண்டை குறையும். "திருட்டுத்தனமா தின்னுருப்பான், இல்லேன்னா எப்படி ஏறும்"னு சந்தேகப்படுறாங்க. திங்காமலே ஏறும், அதுதான் இந்த நோய்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

வெறும் வயித்து சுகர் 100-க்குக் கீழ இருந்தா நார்மல், 100 முதல் 125 வரை ப்ரீடயபடிஸ், 126-ம் அதுக்கு மேலயும் சுகர். ஹெச்பிஏ1சி, அதாவது கடைசி ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட், 5.7-க்குக் கீழ நார்மல், 6.5-லேர்ந்து சுகர். இந்த நம்பர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனா மூளை சார்ந்த பருமன்ல முதல் கட்டத்துல இந்த ரெண்டுமே நல்லா இருக்கலாம்.

ஒரு கற்பனை உதாரணம் போட்டுப் பாப்போம். ரெண்டு பேருக்கும் வெறும் வயித்து சுகர் 92. ஒருத்தருக்கு அந்த 92-ஐ வச்சிருக்க தேவைப்படுற இன்சுலின் ஒரு மில்லிக்கு 8 மைக்ரோயூனிட், இன்னொருத்தருக்கு 38 மைக்ரோயூனிட். ஹோமா-ஐஆர்னு ஒரு கணக்கு இருக்கு, சுகரையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல வகுக்கணும். முதல் ஆளுக்கு 1.8 வருது, ரெண்டாவது ஆளுக்கு 8.6. சுகர் ரிப்போர்ட் மட்டும் பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணு. அதனாலதான் இவங்களுக்கு வெறும் வயித்து இன்சுலினையும், குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரம் பாக்குற டெஸ்ட்டையும் சேர்த்துக் கேக்குறது நல்லது. இந்த ஹோமா கணக்கு கல்லீரல் சார்ந்த ரெசிஸ்டன்ஸை ஓரளவுக்குக் காட்டும், அவ்வளவுதான், நரம்பு தூண்டி வர்ற இன்சுலினையும் ரெசிஸ்டன்ஸால வர்ற இன்சுலினையும் அது பிரிச்சு சொல்லாது.

எல்லா மூளை பருமனும் ஒரே மாதிரி இல்ல

எம்சி4ஆர் கோளாறு உள்ள சின்னக் குழந்தைகளுக்கு அதே எடையில இருக்குற மத்த குழந்தைகளைவிட இன்சுலின் அதிகமா இருக்கும். ப்ராடர்-வில்லியில இது தலைகீழ். பசி அங்கதான் உச்சம், குப்பைத்தொட்டியில கிடக்குறதைக் கூட எடுத்து சாப்பிடுற அளவுக்குப் போகும், ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போடாத வீடு கம்மி. ஆனா எடைக்கு எதிர்பாக்குற அளவுக்கு இன்சுலின் இருக்காது, இன்சுலினுக்கு உடம்பு கேக்குறதும் ஓரளவு நல்லாவே இருக்கும். அதனால சுகர் வராதுன்னு இல்ல, எடை கட்டுக்கு மீறினவங்களுக்குப் பெரிய வயசுல வரத்தான் செய்யுது.

ப்ராடர்-வில்லியில இன்னொண்ணும் தெரிய வந்திருக்கு. பிறந்த புதுசுல இந்தக் குழந்தைங்க பால் குடிக்கவே தெம்பு இல்லாம இருக்கும். சுமார் 2 வயசுல எடை ஏற ஆரம்பிக்கும், அப்ப பசியும் கூடல, சாப்பாடும் கூடல. அடங்காத பசி வர்றது அதுக்கு ரொம்ப அப்புறம், பலருக்கு 8 வயசு வாக்குல. எலிகள்ல பாத்த வரிசை மனுஷக் குழந்தையிலயும் வருது: முதல்ல சேமிக்குற பக்கம் சாய்ஞ்ச உடம்பு, அப்புறம்தான் அடங்காத வாய்.

மூளையில அடிபடாதவங்களுக்கு இதுல என்ன

2025 பிப்ரவரியில ஜெர்மனியில ட்யூபிங்கன்லேர்ந்து வந்த ஒரு ஆய்வை "அஞ்சு நாள் ஜங்க் ஃபுட் தின்னா மூளை கெட்டுரும்"னு பல இடத்துல போட்டாங்க. தலைப்பு கொஞ்சம் மிகை. நடந்தது இது: ஆரோக்கியமான, எடை சரியா இருக்குற 29 ஆண்கள்ல ஒரு பிரிவினர் 5 நாள் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல சாக்லெட், சிப்ஸ் மாதிரி ஐட்டங்களைக் கூடுதலா சாப்பிட்டாங்க. எடை சொல்லிக்கிற மாதிரி ஏறல. ஆனா கல்லீரல் கொழுப்பு ஏறிடுச்சு, மூளை இன்சுலினுக்குப் பதில் சொல்ற விதமும் மாறிடுச்சு, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியும் மூளையில சில இடத்துல அந்த மாற்றம் முழுசா சரியாகல.

29 பேர், அதுலயும் ஆண்கள் மட்டும், அதனால இதை வச்சு எல்லாருக்கும் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஆனா எலிகள்லயும் அதிகக் கொழுப்புத் தீனி குடுத்த முதல் சில நாளுக்குள்ளயே ஹைப்போதலாமஸ்ல அழற்சி அறிகுறி வர்றதை 2012-ல காட்டியிருக்காங்க, எடை ஏறுறதுக்கு முன்னாடியே. ரெண்டையும் சேர்த்துப் பாத்தா மூளை சார்ந்த பருமனுக்கும் சாதாரண பருமனுக்கும் நடுவுல பெரிய சுவர் இல்ல. ஒருத்தருக்கு கட்டி வந்து இந்த இடத்தைக் கெடுக்குது, இன்னொருத்தருக்கு சாப்பாடே கொஞ்சம் கொஞ்சமா அதே இடத்தை மந்தமாக்குது. முதல் வகையில போனது திரும்பி வராது. ரெண்டாவது வகையில சாப்பாட்டைத் திருத்தினா ஓரளவாவது திரும்ப வாய்ப்பு இருக்கு. "நானும் டயட்ல 15 கிலோ குறைச்சேன், உன்னால ஏன் முடியல"ன்னு முதல் வகை ஆள்கிட்ட கேக்குறது அதனாலதான் அநியாயம்.

மருந்துகள் எந்த இடத்தைத் தொடுது

இன்சுலினைத் தொடுற மருந்துகள்: ஆக்ட்ரியோடைட் ஊசி பீட்டா செல்லை அடக்கும். 2003-ல லஸ்டிக் குழு மூளைக்கட்டி வந்த குழந்தைகள்ல இதைக் குடுத்து எடை ஏறுற வேகம் கட்டுப்பட்டதைக் காட்டினாங்க, சாப்பாட்டைத் தொடாம இன்சுலினை மட்டும் அடக்கி. பித்தப்பைக் கல் மாதிரி தொந்தரவுகள் வர்றதால வழக்கமான சிகிச்சையா நிலைக்கல. 2025-ல ப்ராடர்-வில்லிக்கு அனுமதி கிடைச்ச டயசாக்சைடு கோலினும் பீட்டா செல்லை அடக்குற வகைதான், கூடவே மூளையில இருக்குற ஏஜிஆர்பி செல்லையும் அடக்கி பசியைக் குறைக்கும்னு கருதுறாங்க. 4 வயசுக்கு மேல குடுக்கலாம். இன்சுலினை அடக்குற மருந்துங்கறதால ரத்த சுகர் ஏறுறது இதோட தெரிஞ்ச பக்க விளைவு, அதனால இதை எடுக்குறவங்களுக்கு பசி குறைஞ்சிருச்சேன்னு சுகர் டெஸ்ட்டை விட்டுடக்கூடாது.

மூளைப் பாதையைத் தொடுறது: செட்மெலனோடைட் கெட்டுப்போன பகுதியைத் தாண்டி நேரா எம்சி4ஆரைத் தூண்டுது. 2025 ட்ரையல்ல 120 நோயாளிகள், 52 வாரம், மருந்து எடுத்தவங்களுக்கும் டம்மி ஊசி எடுத்தவங்களுக்கும் நடுவுல பிஎம்ஐ-ல, அதாவது உயரத்தோட ஒப்பிட்டுப் பாக்குற எடைக் கணக்குல, கிட்டத்தட்ட 20 சதவீத வித்தியாசம். டம்மி ஊசிப் பிரிவுல பிஎம்ஐ ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. பக்க விளைவுல வெளிப்படையா தெரியுறது தோல் கறுக்குறது, ஏன்னா தோல் நிறத்துக்கான ரிசெப்டரும் இதே குடும்பம். 

மெட்ஃபார்மின் கல்லீரல் குளுக்கோஸைக் குறைக்கும், எடைக்குப் பெருசா உதவாது. செமாக்ளுடைட் மாதிரி ஜிஎல்பி-1 வகை எடைக்குறைப்பு ஊசிகள் பின்மூளை வழியாவும் வேலை செய்யுறதால ஹைப்போதலாமஸ் கெட்டவங்களுக்கும் கொஞ்சம் பலன் குடுக்கலாம், சிலருக்கு நல்லா, சிலருக்கு ஒண்ணும் இல்ல.

வீட்ல கவனிக்க வேண்டியது

மருந்து கிடைக்காதவங்கதான் அதிகம், அதனால தினசரி விஷயத்துல கைவைக்க முடிஞ்சது ரொம்ப முக்கியம்.

1. கிரானியோஃபாரிஞ்சியோமா வந்தவங்க ஃபைல்ல "டயபடிஸ் இன்சிபிடஸ்"னு எழுதியிருக்கும், வீட்ல அதைப் பாத்து சுகர்னு பயந்துடுறாங்க. அதுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்ல. சிறுநீரை அடக்குற வாசோப்ரெசின் ஹார்மோன் இல்லாததால சிறுநீர் ஆறா போகும், தாகம் தீராது. இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தானதுன்னுதான் 2022-ல உலக டாக்டர் சங்கங்கள் சேர்ந்து பேரையே வாசோப்ரெசின் குறைபாடுன்னு மாத்தினாங்க.

2. அந்தத் தாகத்துக்கு என்ன குடுக்குறோம்ங்கறதுலதான் குளுக்கோஸ் கணக்கு அடிவாங்குது. நாலஞ்சு லிட்டர் குடிக்குற குழந்தைக்கு அதுல ஒரு லிட்டர் ஜூஸாவோ பாட்டில் கூல்ட்ரிங்ஸாவோ போனாலே 100 கிராமுக்குப் பக்கத்துல சர்க்கரை. ஏற்கனவே இன்சுலின் ஒசந்து நிக்குற உடம்புக்கு அது அப்படியே கொழுப்பு. தாகத்துக்கு வெறும் தண்ணிதான், எவ்வளவுன்னு டாக்டர் சொன்ன அளவுல.

3. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை டோஸ். இது ஒரு ஸ்டீராய்டு, பிட்யூட்டரி போனவங்களுக்கு உயிர் காக்குற மருந்து, நிறுத்தவே கூடாது, காய்ச்சல் வந்தா கூட்டணும். ஆனா காய்ச்சல் போனப்புறம் கூட்டின டோஸ்லயே மாசக்கணக்கா ஓடுற குழந்தைங்க இருக்காங்க. தேவைக்கு மேல போற ஸ்டீராய்டு பசியையும் ஏத்தும், கல்லீரல் குளுக்கோஸையும் ஏத்தும். ஒவ்வொரு விசிட்லயும் எடைக்கு ஏத்த டோஸ்தானான்னு கேட்டுடணும்.

4. குறட்டை, தூக்கத்துல மூச்சு நிக்கிறது. இது இருந்தா ராத்திரி முழுக்க உடம்பு அவசர நிலையில இருக்கும், காலையில சுகரும் இன்சுலினும் ஏறி நிக்கும், பகல்ல தூங்கி வழியும், அசைவு இன்னும் குறையும். ஸ்லீப் டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சுடும்.

5. சாப்பாட்டுக் கட்டுப்பாடு வேணும், ஆனா குழந்தையோட மனக்கட்டுப்பாட்டை நம்பி இல்ல, வீட்டு ஏற்பாட்டை நம்பி. நேரத்துக்கு சாப்பாடு, தட்டுல போட்டுக் குடுத்த அளவோட சரி, மேஜை மேல பாத்திரம் இல்ல, அலமாரியில முறுக்கு டப்பா இல்ல, வீட்ல எல்லாருக்கும் அதே சாப்பாடு. அரிசி, மைதா, சர்க்கரையைக் குறைச்சு பருப்பு, முட்டை, மீன், காயைக் கூட்டினா ஒரு வேளைக்கு வர்ற இன்சுலின் ஏத்தம் குறையும், அதுதான் இங்க தேவை. எடை ஏறாம நின்னாலே அது பெரிய வெற்றின்னு டாக்டர்களே சொல்வாங்க, மத்தவங்களுக்கு வைக்கிற கிலோ டார்கெட்டை இவங்களுக்கு வைக்காதீங்க.

6. கட்டி ஆபரேஷன் முடிஞ்ச முதல் வருஷம் மாசம் ஒரு தடவை எடை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெறும் வயித்து சுகரோட சேர்த்து இன்சுலினும், கல்லீரல் என்சைமும் பாக்க முடியுமான்னு எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கறது நல்லது. ஆபரேஷனுக்கு முன்னாடியே கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணும் இருக்கு: கட்டியை முழுசா எடுக்கப் போறீங்களா, இல்ல ஹைப்போதலாமஸ் ஒட்டின பகுதியை விட்டுட்டு மிச்சத்துக்கு ரேடியேஷன் குடுக்கப் போறீங்களா? இப்ப பல மையங்கள்ல ரெண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்குறாங்க, காரணம் இந்தப் பருமனும் சுகரும்தான்.